ஊனம் ஒன்று, கேள்வி மூன்று
முன்னாள் படைவீரரும் மருத்துவ உதவியும்

பழந்தமிழர் போரில் பட்ட புண்ணை இருவகையாகப் பிரித்தனர். மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். வலி இரண்டுக்கும் ஒன்றே. ஆயினும் அது எங்கே, எவ்வாறு பட்டது என்பதைக் கொண்டே வீரனுக்குப் பெருமையும் சிறுமையும் வந்தன. இவ்வேறுபாட்டை வகுப்பில் விளக்காத தமிழாசிரியர் இரார். ஆனால் ஏறக்குறைய அதே கேள்வி இன்றும் அரசாங்க அலுவலகங்களில் கேட்கப்படுகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. படையில் பணியாற்றி, உடல் ஊனமுற்று, நாற்பது வயதை ஒட்டி வீடு திரும்பும் ஒருவருக்கு எந்த உதவி, யாரிடமிருந்து, எத்தனை காலம் என்பது, ‘இந்தப் புண் எதனால் வந்தது?’ என்ற கேள்விக்கு ஏதோ ஒரு தாளில் எழுதப்பட்ட விடையைப் பெரிதும் பொறுத்திருக்கிறது.

தமிழ் ஏட்டில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். 1933-இல் தொடங்கிய மலாய்ப் படையில் மலாய்க்காரர் மட்டுமே சேர்க்கப்பட்டனர் என்பது உண்மையே. ஆனால் 1952-இல் எல்லா இனத்தவரையும் கொண்ட கூட்டரசுப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. பின்னர் ரேஞ்சர் படையிலும், செய்தித் தொடர்புப் பிரிவிலும், பொறியியல் பிரிவிலும், கடற்படையிலும், விமானப் படையிலும் நம்மவர் பலர் சேர்ந்தனர். 1968 முதல் 1989 வரை நீடித்த இரண்டாம் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின்போது பேராக்கின் வடபகுதிக் காடுகளில் கண்ணிவெடிகளால் காலிழந்தவர்கள் உண்டு. நம் தெலுக் இந்தானிலிருந்து சித்தியவான் வழியாகச் சென்றால் லூமுட் கடற்படைத் தளம். அங்கே பணியாற்றி, பிறகு இவ்வட்டாரத் தோட்டங்களுக்கே திரும்பியவரும் உண்டு. இவர்களுக்கு வரும் கடிதம் மலாயில் வரும். அதைப் படித்துப் பொருள் சொல்லவும், பாரம் நிரப்பிக் கொடுக்கவும் தோட்டத்தில் முதலில் தேடப்படுபவர் பள்ளிக்கூட வாத்தியார்தாம். கிராணியார்கூட அடுத்தபடிதான். ஆகவே இச்செய்தி ஆசிரியர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

வயதுக் கணக்கு

முதலில் வயதைப் பார்ப்போம். படையில் அதிகாரிகள் அல்லாத பிற தரத்தினர் 21 ஆண்டுகள் பணியாற்றினால் பென்சன் பெறுவர். (இதனை ‘உபகாரச் சம்பளம்’ என்று முன்னோர் எழுதினர். உபகாரம் என்பது பொருத்தமற்ற சொல். உழைத்துப் பெற்றது உபகாரம் ஆகாது.) பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவருக்கு நாற்பதை ஒட்டி ஓய்வு வந்துவிடுகிறது. தனியார் துறையிலோ, 2012-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டப்படி, 2013 ஜூலை 1 முதல் ஓய்வு வயது அறுபது. ஆக, ‘ஓய்வு பெற்றவர்’ என்று நாம் அழைக்கும் அம்மனிதருக்கு முன்னால் இன்னும் இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. பிள்ளைகள் அப்போதுதான் ஆறாம் ஆண்டில் படிப்பார்கள். அவர் ஓய்வதில்லை, காவலாளியாகவோ ஓட்டுநராகவோ தொழிற்சாலைத் தொழிலாளியாகவோ இரண்டாம் முறை வேலைக்குப் போகிறார்.

உடல் நன்றாயிருப்பவருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. ஊனமுற்றுத் திரும்பியவருக்கே சிக்கல். அவர் படையின் பார்வையில் முன்னாள் வீரர். முதலாளியின் பார்வையில் தொழிலாளி. சமூகநல இலாகாவின் பார்வையில் ஊனமுற்றோர். மருத்துவமனையின் பார்வையில் ஒரு நோயாளி. ஒரே ஆளுக்கு நான்கு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோப்பு. ஒரு கோப்பு மற்றொன்றைத் தேடிப் போவதில்லை.

மூன்று சொற்கள்

தமிழில் நாம் ‘ஊனம்’ என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் குறித்துவிடுகிறோம். ‘மாற்றுத்திறனாளி’ என்னும் புதுச்சொல் மதிப்பானதே. எனினும் அதுவும் எல்லாவற்றையும் ஒன்றாகவே தொகுக்கிறது. நம் நாட்டின் சட்ட மலாயில் இதற்கு மூன்று சொற்கள் வழங்குகின்றன. ‘ஹிலாங் உப்பாயா’ என்பது ஒன்று. ஆற்றலை இழந்த நிலை என்று பொருள். ‘கெயிலாத்தான்’ என்பது இரண்டாவது. பிழைப்புக்கு உழைக்க இயலாத நிலை. ‘குராங் உப்பாயா’ என்பது மூன்றாவது; ஆற்றல் குறைந்த நிலை. கேட்பதற்கு ஒன்றுபோல் தோன்றும். ஆனால் முதற்சொல் ‘எதனால் வந்தது?’ என்று கேட்கிறது. இரண்டாவது ‘இனி உழைத்துச் சம்பாதிக்க முடியுமா?’ என்று கேட்கிறது. மூன்றாவது ‘நீண்ட காலக் குறைபாடு இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்கிறது. ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை பெற்றவர் மற்றொன்றுக்கு ‘இல்லை’ என்று விடை பெறலாம். ‘எனக்குக் கால் இல்லை என்று ஓர் ஆபீசில் ஒத்துக்கொண்டார்கள், இன்னோர் ஆபீசில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஒருவர் மனம் நொந்து சொன்னால், அவர் காலைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு என்பதே காரணமாயிருக்கும்.

முதற்சொல்லை எடுத்துக்கொள்வோம். படையில் இருக்கும்போது உடல் கெட்டுப் பணிக்குத் தகுதியற்றவர் என்று மருத்துவக் குழு முடிவு செய்தால், அவர் மருத்துவக் காரணத்தின்பேரில் விடுவிக்கப்படுகிறார். அந்த ஊனம் பணியினால் நேர்ந்தது என்று ஏற்கப்பட்டால், 21 ஆண்டு முடியாவிட்டாலும் அவருக்கு ஊனப் பென்சன் கிடைக்க வழியுண்டு. ஊனம் நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பிடப்படுவதும் அப்போதுதான். 1972-இல் தொடங்கிய படையினர் சேமநிதியிலும் ஊனத்துக்கான தனி உதவித் தொகை உண்டு. இவற்றுள் ஊனப் பென்சன் முன்னாள் வீரர் நல இலாகாவின் பொறுப்பில் தொடர்கிறது. பேராக்குக்குரிய கிளை ஈப்போவில் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் முன்னாள் வீரர் சட்டம் பென்சன் இல்லாதவரையும் முன்னாள் வீரர் என்றே கொள்கிறது. எனினும் பென்சன் உள்ளவர், இல்லாதவர் என்னும் வேறுபாடு உதவிகளில் இன்னும் பெரிதாகவே நிற்கிறது. அந்த இலாகாவில் முதலில் கேட்கப்படுவதும் அதுதான்.

இவ்விடத்தில் சிறிது நின்று கவனிக்க வேண்டும். கண்ணிவெடியில் காலிழந்தவருக்குக் காரணம் காட்டுவது எளிது. பயிற்சியில் முழங்கால் பிசகியவருக்கும், பீரங்கி ஓசையில் செவிப்புலன் மெல்ல மங்கியவருக்கும், லாரி ஓட்டி முதுகெலும்பு தேய்ந்தவருக்கும் அது எளிதன்று. பள்ளிக்கூடங்களில் ஜாகா வேலைக்கு வருபவருள் முன்னாள் வீரர் மிகப் பலர். எங்கள் பள்ளியிலும் ஒருவர் இருந்தார். பாராசூட்டில் குதித்துப் பழகியவர். இறங்கும்போது ஒருமுறை முழங்கால் திரும்பிவிட்டது. முகாமில் கட்டுப் போட்டார்கள். மூன்று நாள் ஓய்வு கொடுத்தார்கள். அவரும் நான்காம் நாள் ஓடத் தொடங்கிவிட்டார். ‘வலிக்குது என்று சொன்னால் மற்றவன் சிரிப்பான், சார்’ என்றார் என்னிடம். விபத்து அறிக்கை எழுதப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டு முடித்து, ஒப்பந்தம் முடிந்தது என்ற காரணத்தின்பேரில் வெளியே வந்தார். மருத்துவக் காரணம் என்று ஒரு வரி எங்கும் இல்லை. நாற்பத்தைந்து வயதில் அந்த முழங்கால் மடங்க மறுத்தபோது, அது படையில் பட்ட அடி என்பதற்கு அவர் வாய்மொழியைத் தவிர வேறு சான்று இல்லை. வீரம் என்று அவர் எண்ணி மறைத்த வலிதான் பின்னாளில் அவருக்குப் பகையாயிற்று.

மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பது பழைய வழக்கு. இந்தியாவில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் என்னும் வீரரின் வழக்கில் ஒரு தெளிவான நெறியை வகுத்தது. படையில் சேர்த்துக்கொள்ளும்போது மருத்துவர் சோதித்து நலமானவர் என்று எழுதினார்கள் அல்லவா? அப்போது இல்லாத நோய் பின்னால் வந்தால், அது பணியினால் வந்தது என்றே முதலில் கொள்ளவேண்டும்; அப்படி அன்று என்று காட்டும் பொறுப்பு அரசாங்கத்தையே சாரும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்நாட்டில் இதற்குப் பின்னும் வாதம் ஓயவில்லை. 2023-இல் ஊனப் பென்சன் விதிகளே புதிதாக எழுதப்பட்டன. அந்தத் தீர்ப்பு இங்கே நம்மைக் கட்டுப்படுத்துவதன்று. ஆயினும் அதில் உள்ள நியாயம் எவருக்கும் விளங்கக்கூடியது. சேர்ந்த நாளின் மருத்துவச் சோதனைத் தாளும், விடுபட்ட நாளின் மருத்துவச் சோதனைத் தாளும் ஒருவர் கையில் இருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடே அவருக்காகப் பேசும். நம்மவர் பதக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். இந்தத் தாள்களை மழைக்காலத்தில் கரையான் தின்ன விடுகிறார்கள்.

சொக்சோவின் கணக்கு

இரண்டாம் சொல்லான ‘கெயிலாத்தான்’ பெர்கேசோவைச் சேர்ந்தது. தோட்டத்தில் இதனை இன்னும் சொக்சோ என்றே சொல்வோம். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதன் அடிப்படை. படையில் பணியாற்றும் காலத்தில் வீரர் இதற்குள் வருவதில்லை. வெளியே வந்து தனியார் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் மற்றத் தொழிலாளியைப் போலவே இதற்கு உரியவர். வேலையிடத்தில் அடிபட்டால் ஒரு திட்டம். நோயாலோ தளர்ச்சியாலோ நிலையாக உழைக்க முடியாமற் போனால் மற்றொரு திட்டம். பின்னதில்தான், அவர் தம் வலிமைக்கும் திறமைக்கும் ஏற்ற வேலையில் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் ஈட்ட இயலாதவர் என்று மருத்துவக் குழு ஏற்கவேண்டும்.

இங்கே ஊனம் எதனால் வந்தது என்பது முதற்கேள்வி அன்று. சந்தா கட்டியிருக்கிறாரா என்பதே முதற்கேள்வி. முழுப் பென்சனுக்குரிய நிபந்தனைகளுள் ஒன்று, விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதங்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது. (மாற்றாக வேறொரு கணக்கும், குறைந்த பென்சனுக்கு மற்றொரு கணக்கும் உண்டு. அவற்றிலும் 24 என்னும் எண் வருகிறது.) நான்காம் ஆண்டு மாணவனுக்குரிய கழித்தல் கணக்குத்தான் இது: 40-இல் 24 போனால் 16. அதாவது, இரண்டு ஆண்டு மட்டும் வேலை செய்து சந்தா கட்டியவர், உடல் முடியாமல் நின்றுவிட்டபின், ‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், கால் சரியாகிவிடும்’ என்று காத்திருந்தால், பதினாறு மாதத்துக்குமேல் கடந்த ஒவ்வொரு மாதமும் அவர் கட்டிய சந்தாவை ஒன்றொன்றாக இந்தக் கணக்கிலிருந்து உதிர்த்துவிடும். நாட்டு வைத்தியமும் நேர்த்திக்கடனும் செய்து பார்க்க எவருக்கும் உரிமையுண்டு. அவற்றோடு விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டுச் செய்யலாம்.

முன் சொன்ன காவலாளிக்கு இதிலும் ஓர் இடி விழுந்தது. அவரை அனுப்பிய ஒப்பந்தக் கம்பெனி, சம்பளத்தில் சந்தாவைப் பிடித்துக்கொண்டதே தவிர, பல மாதம் கட்டவில்லை. அவர் சம்பளச் சீட்டுகளைக் கட்டாக வைத்திருந்ததால் அது வெளிப்பட்டது. சீட்டு இல்லாதவர் கதை என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். கட்டத் தவறியது முதலாளியின் குற்றம். ஆயினும் அதை எடுத்துச் சொல்லவேண்டியவர் தொழிலாளியாகவே இருக்கிறார். பெர்கேசோவில் தம் பெயருக்கு எந்தெந்த மாதம் சந்தா வந்திருக்கிறது என்று ஒருவர் கேட்டறியலாம். ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுவைப்பது நல்ல வழக்கம்.

பெர்கேசோ பணம் மட்டும் தருவதன்று என்பதையும் சொல்லவேண்டும். 2007 முதல் ‘வேலைக்குத் திரும்புதல்’ என்னும் திட்டத்தை நடத்துகிறது. மலாக்காவில் 2014-இல் திறக்கப்பட்ட துன் ரசாக் மறுவாழ்வு நிலையத்தில் உடற்பயிற்சி, தொழிற்பயிற்சி ஆகியவை கொடுக்கப்படுகின்றன. உறுப்பிழந்தவருக்குச் செயற்கை உறுப்பும், சிறுநீரகம் கெட்டவருக்குச் சுத்திகரிப்பு உதவியும் உரியவர்க்கு உண்டு.

மூன்றாம் சொல்லான ‘குராங் உப்பாயா’ எளிது. 2008-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டப்படி சமூகநல இலாகா மருத்துவரின் சான்றைக் கொண்டு பதிவு செய்து ஓ.கே.யு. கார்டு தருகிறது. கேள்தன்மை, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை என ஏழு பிரிவு. அடி படையில் பட்டதா, தோட்டத்தில் பட்டதா, பிறவியிலேயே வந்ததா என்று அங்கே கேட்பதில்லை. இந்தக் கார்டு வைத்திருப்பவருக்கு அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் மூன்றாம் வகுப்பு வார்டுக்கும் கட்டணம் இல்லை. படையிலிருந்து எந்தச் சான்றும் இல்லாமல் வந்தவர்கூட இன்று காலையே தொடங்கக்கூடிய வேலை இது ஒன்றுதான். ஆனால் முன்னாள் வீரருட் பலர் இதற்குப் போக வெட்கப்படுகிறார்கள். ‘அது பிச்சைக்காரக் கார்டு’ என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். ‘குராங்’ என்ற அச்சொல்லே அவர்களைச் சுடுகிறது போலும்.

இலவசம் எது, எது இலவசம் அன்று

இனி, மருத்துவமனைக்குள் நுழைவோம். நம் நாட்டில் அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் குடிமக்களுக்கு மிகக் குறைவு. சாதாரண வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி. நிபுணரைக் காண ஐந்து வெள்ளி. அதனால் ‘இலவசமாகத்தானே பார்க்கிறார்கள், பிறகு எதற்கு இத்தனை கார்டு?’ என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். மருத்துவரைக் காண்பது மலிவு என்பது மெய். ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் எல்லாமே மலிவு அன்று. மாற்று மூட்டு, இருதயக் குழாயில் வைக்கும் வளையம், காது கேட்கும் கருவி, செயற்கைக் கால், மருத்துவமனைப் பட்டியலில் இல்லாத மருந்து ஆகியவற்றுக்கு நோயாளியே வழி தேடவேண்டி வருகிறது. கார்டுகளும் கோப்புகளும் பயன்படுவது அங்கேதான்.

செயற்கைக் காலையே பாருங்கள். முன்னாள் வீரர் நல இலாகா அதற்கு உதவலாம், பெர்கேசோ உதவலாம், சமூகநல இலாகாவும் பதிவு பெற்ற ஊனமுற்றோருக்குச் செயற்கை உறுப்பு உதவி தருகிறது. வருமானம் குறைந்தவராய் நாற்பது வயதைக் கடந்திருந்தால், 2019-இல் தொடங்கிய பெக்கா பி நாற்பது திட்டத்திலும் மருத்துவக் கருவிக்கு உதவி உண்டு. ஒரு காலுக்கு நான்கு வாசல்! வசதிதானே என்று தோன்றும். நடப்பது வேறு. ‘நீங்கள் முன்னாள் வீரர், அங்கே போய்க் கேளுங்கள்’ என்று ஓரிடத்தில் சொல்வார்கள். ‘உங்களுக்குப் பென்சன் இல்லை, இங்கே முடியாது’ என்று அங்கே சொல்வார்கள். ‘வேறெங்கும் உதவி பெறவில்லை என்று கடிதம் கொண்டு வாருங்கள்’ என்று மூன்றாமிடத்தில் கேட்பார்கள். எவரும் பொய் சொல்வதில்லை. எவரும் கடுமையாய்ப் பேசுவதுமில்லை. ஆனால் தெலுக் இந்தானிலிருந்து ஒற்றைக் காலோடு ஈப்போவுக்கு மூன்று முறை பேருந்தில் போய்வந்தவருக்குப் பல நாள் கூலி போயிருக்கும்.

ஒரு செயற்கைக் கால் ஆயுள் முழுதும் உழைப்பதில்லை. பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டில் தேய்ந்துவிடும். துண்டிப்புக்குப் பின் எஞ்சிய காற்பகுதியின் அளவும் மாறும். முப்பது வயதில் கால் இழந்தவர் எழுபது வரை வாழ்ந்தால் எட்டுக் கால் முதல் பதின்மூன்று கால் வரை தேவைப்படும். செம்மண் சாலையிலும் செம்பனைக் காட்டின் சேற்றிலும் நடப்பவருக்கு இன்னும் கூடுதல். இந்தியாவில் 1968-ஐ ஒட்டி ஜெய்ப்பூரில் ஒரு கைவினைஞரும் ஒரு மருத்துவரும் சேர்ந்து, வெறுங்காலோடு வயலில் நடக்கவும் சம்மணமிட்டு உட்காரவும் ஏற்ற ரப்பர்ப் பாதத்தை உருவாக்கினார்கள் என்பது இங்கு நினைக்கத்தக்கது. நம் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன பாலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. ஆகவே முதற்காலை யார் கொடுத்தார் என்பதைவிட, இரண்டாவதையும் மூன்றாவதையும் யார் கொடுப்பார் என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

அமெரிக்காவின் பாடம்

‘யார் முதலில் கொடுப்பது?’ என்னும் கேள்விக்கு அமெரிக்காவில் சட்டமாகவே விடை எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே 1965-இல் முதியோருக்கான மெடிகேர் என்னும் மருத்துவக் காப்புறுதி சட்டமாயிற்று. 65 வயது அதற்கு எல்லை. 1972-இல் சட்டத்தைத் திருத்தி, 65-க்கு உட்பட்ட ஊனமுற்றோரையும் சேர்த்தார்கள். ஊன உதவித் தொகைக்கு ஐந்து மாதக் காத்திருப்பு, அது தொடங்கியபின் 24 மாதக் காத்திருப்பு. ஆக 29 மாதம் கடந்தபின் பொதுவாக மெடிகேர் வந்துசேரும். ஓய்வு பெற்ற படைவீரருக்கோ டிரைகேர் என்னும் தனிக் காப்புறுதி ஏற்கெனவே உண்டு. இரண்டும் ஒருவருக்கே இருந்தால் மெடிகேர் முதலில் கொடுக்கும். மிச்சத்தை டிரைகேர் கொடுக்கும். 2001 முதல் இது ஒழுங்காக நடைபெறுகிறது. அழகான ஏற்பாடு.

ஆனால் அதற்குள் ஒரு குழி இருக்கிறது. மெடிகேரின் ‘பகுதி பி’ என்பதற்கு மாதந்தோறும் சந்தா கட்டவேண்டும். விருப்பமில்லாவிடில் மறுக்கலாம் என்று கடிதம் வரும். ‘படையின் காப்புறுதிதான் இருக்கிறதே, இதற்கு ஏன் பணம்?’ என்று எண்ணி மறுத்துவிடும் ஓய்வு பெற்ற வீரர், அதனாலேயே டிரைகேரையும் இழந்துவிடுவார். பகுதி பி இருந்தால்தான் அவ்வயதில் அது நிற்கும் என்பது சட்டம். மீண்டும் சேரவேண்டுமாயின் பெரும்பாலும் ஆண்டின் முதல் மூன்று மாதம் வரை காத்திருக்கவேண்டும். தாமதத்துக்கு அபராதமும் உண்டு. முன்னாள் வீரர்க்கென்றே உள்ள மருத்துவமனைகள் இவ்விரண்டிலும் சேராத தனி ஏற்பாடு. நாற்பது வயதில் முதுகொடிந்து படுத்திருப்பவர் இதையெல்லாம் பிரித்தறிய வேண்டும்! பணமும் கணினியும் நிறைந்த நாட்டிலேயே ஒரு கடிதத்தைச் சரியாகப் படிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றால், நம் நிலையை எண்ணி வியப்பதற்கில்லை.

நம் நாட்டில் இவ்வாறு ‘முதலில் இது, பிறகு அது’ என்னும் வரிசை நோயாளிக்குத் தெரியும்படி எங்கும் ஒட்டி வைக்கப்படவில்லை. என் கருத்தில் இதுவே பெரிய குறை. உதவிகள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உதவிகளுக்கு இடையே பாலம் இல்லை. வீரர் படையை விட்டு வெளியேறும் நாளிலேயே அவருடைய மருத்துவ முடிவின் ஒரு படியைச் சமூகநல இலாகாவுக்கு அனுப்பி ஓ.கே.யு. பதிவையும் முடித்துவிட்டால் பாதிச் சுமை குறைந்துவிடும். அதற்குப் புதுச்சட்டம்கூட வேண்டாம். ஓர் உறையும் தபால் தலையும் போதும்.

அதுவரை நடைமுறையில் செய்யக்கூடியது என்ன? பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. நம்மவர் மருந்து வாங்கும் சன்னலைத் தவிர வேறெதையும் அறியாமல் திரும்பிவிடுகிறார்கள். கருவிக்கோ மருந்துக்கோ பணம் வேண்டும் என்று மருத்துவர் சொன்ன உடனே, பட்டியல் போட்டுக் கடன் வாங்கப் போகாமல், அந்தப் பிரிவுக்கு எழுதித் தருமாறு அவரிடமே கேட்கவேண்டும். எந்த வாசலை முதலில் தட்டுவது என்று அங்குள்ளவர்களுக்குப் பழக்கத்தால் தெரியும். பணம் கட்டிப் பொருளை வாங்கிவிட்டு, பிறகு ரசீதைக் காட்டிக் கேட்பது பெரும்பாலும் பலிப்பதில்லை. பென்சன் பெறுபவர் இராணுவ மருத்துவமனைக்கும் போகலாம். நமக்கு அருகில் லூமுட்டில் ஒன்று உண்டு. மனைவி மக்களுக்கும் பென்சன்காரரின் குடும்பம் என்ற முறையில் உரிமை உண்டு என்பதை வீட்டுப் பெண்கள் அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் அவர் படுக்கையில் விழுந்தபின் அலுவலகத்துக்கு அலையப் போகிறவர்கள் அவர்களே.

புது முதலாளி கொடுக்கும் மருத்துவக் காப்புறுதிக் கார்டைப் பற்றியும் ஒரு சொல். தனியார் மருத்துவமனையில் காட்டலாம் என்று மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறார்கள். அவற்றுட் பல, சேரும் முன்பே இருந்த நோய்க்குப் பணம் தருவதில்லை. படையில் பட்ட முழங்கால் அந்தக் காப்புறுதிக்கு ‘முன்பே இருந்தது’; படையின் கோப்பிலோ, முன் கண்டதுபோல், ‘அறிக்கை இல்லாதது’. ஓரிடத்தில் பழையது என்பதற்காகத் தள்ளப்படும் அதே புண், மற்றோரிடத்தில் பழையது என்பதற்குச் சான்றில்லை என்று தள்ளப்படுகிறது. ஆதலின் தனியார் மருத்துவமனையில் படுக்குமுன், பணம் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, தமிழாசிரியர் என்ற முறையில் நான் பலமுறை கண்ட ஒரு சிறு செய்தி. நம் பெயர்கள் ரோமன் எழுத்தில் எழுதப்படும்போது ஒரே மனிதர் இரண்டு மனிதராகிவிடுகிறார். சுப்பிரமணியம் என்பார் பிறப்புச் சான்றில் ஒருவிதமாகவும், படைக் கோப்பில் வேறு விதமாகவும், அடையாளக் கார்டில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருப்பார். தகப்பனார் பெயரிலும் அப்படியே. படையில் சேர்ந்தபோது எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். பதினெட்டு வயதுப் பையன் திருத்தச் சொல்ல அஞ்சியிருப்பான். இப்போது ஓ.கே.யு. கார்டின் பெயரும் படைக் கோப்பின் பெயரும் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. இதற்கு, இருவரும் ஒருவரே என்னும் சத்தியப் பிரமாணத்தைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் செய்து, நாலைந்து படி எடுத்து வைத்துக்கொள்வது வழி. மேலும், படையில் கொடுத்த எண்ணை எந்த முன்னாள் வீரரும் மறப்பதில்லை. தம் பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்தாலும் அதை மறக்கமாட்டார். ஆசிரிய நண்பர்கள் கடிதம் எழுதிக் கொடுக்கும்போது, அந்த எண்ணைக் கேட்டு, பெயருக்கும் மேலே, கடிதத்தின் தலைப்பிலேயே எழுதிவிட்டால் கோப்பு விரைவில் அகப்படும்.